கோட்டில் வந்த கொம்பு

அன்று காலை வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு மாதமான மருமகள் இருந்தாள். என்னை அழைத்துப் போக அமிர்தியிலிருந்து பைக்கில் வந்த பட்டாளத்துக் கூட்டாளி இருந்தான்.

வேலூரில் எங்கள் பட்டாளத்துப் பழைய ஆட்கள் கூடும் நாள். நீலக் கோட்டில் ரெஜிமெண்ட் சின்னம் இருக்க வேண்டும். இல்லாதவனைச் சுபேதார் வரிசையில் நிற்க விடமாட்டார். என் சின்னத்தை எலி தின்றுவிட்டது. மருமகளுக்குத் தையல் தெரியும். முந்தின வாரமே கோட்டைக் கொடுத்து, "கொம்பு. சுத்தி எலை" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் சொன்னது ஊதுகிற கொம்பு. அவள் மலையடியில் உழவர் வீட்டுப் பெண். கொம்பு என்றால் மாடு. மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு கொம்பு தைத்திருந்தாள். பொங்கலுக்குப் பூசுவது போல ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நுனியில் மஞ்சள் நூலில் சலங்கை. சுற்றிப் புளிய இலை.

கூட்டாளி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"பட்டாளத்துக்குப் போய்ட்டு வந்தா கொம்பு மொளைக்கும்னு சொல்வாங்க" என்றாள் மனைவி. "இப்பதான் பாக்கறேன்."

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. கத்தரியை எடுத்தாள். "பிரிச்சுடவா மாமா?" கண் கலங்கியிருந்தது. வந்த பிறகு நான் அவளிடம் கேட்ட முதல் வேலை அது.

"வாணாம்மா" என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டேன்.

மேடு வந்தால் என்னைப் பைக்குக்கு முன்னால் பூட்டிவிடலாம் என்று கூட்டாளி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

சுபேதார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"இன்னாய்யா இது?"

"கொம்பு, சார்."

நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை.

சின்னம் வந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த புதிதில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பழைய சண்டை ஒன்றில் பின்வாங்கச் சொல்லி ஊதச் சொன்னார்களாம். ஊதுகிறவன் குழம்பிப்போய் முன்னேறச் சொல்லி ஊதிவிட்டான். ஆட்கள் ஓடிப்போய்க் குன்றைப் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கொம்புதான் சின்னம்.

சுபேதார் சலங்கையை விரலால் தொட்டார்.

"தப்பா ஊதனவனாலதான் நமக்குச் சின்னமே வந்துச்சு. நில்லு" என்றார். "முட்டாதுன்னு பாத்துட்டுதான் சேத்துக்கினேன்னு மருமவகிட்ட சொல்லு."

போட்டோ எடுத்தார்கள். அது இப்போது தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு மருமகளே எண்ணிக் காட்டுகிறாள்.

ஊதுகொம்பு பதினெட்டு. மாட்டுக்கொம்பு இரண்டு.