முதல் நாற்பது வினாடி

கம்ப்யூட்டருக்குள் ஓயாமல் இரையும் சின்ன மின்விசிறி. சூடான தூசியின் வாசனை... திரையில் இரண்டு பச்சைக் கோடுகள். யாராவது பேசினால் எழும், நிறுத்தினால் விழும்.

இன்றும் அப்படிப் பச்சைக் கோடுகள் துள்ளுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை ஒட்டி, என் நண்பன் சீலனின் மாடி அறை. தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் அவனுடையது. பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிகளிலிருந்து பாட்டு கேட்க ஒரு சாஃப்ட்வேர், பதிவு செய்ய ஒன்று, எம்பி3யாக மாற்ற ஒன்று என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிவைத்திருப்பான்.

அன்று ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்த மதியம். மறுநாள் என் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்கு பயமில்லை, ஆனால் பழைய குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குக் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வேலை. கோயிலில் பாடுவார், சிநேகிதர்கள் கல்யாணத்தில் கானா பாடுவார். தன் கல்யாணத்தில் அண்ணிக்காக அவரே ஒரு பாட்டு கட்டிப் பாடினார். அதை மட்டும் பதிவு செய்துவிட வேண்டும். ஒரே முறைதான்... அதற்கு மேல் தொண்டை தாங்காது.

ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. லாரி ஹாரன் உள்ளே வராதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் முழுக்க மதியத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அந்த பயம் வேறு.

சீலன் பட்டனை அழுத்திவிட்டிருந்தான். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னாடா சீலா, ஓடுதா?"

"ஓடுதுண்ணா. பாடு."

"அது இன்னாடா பச்சையா குதிக்குது? என் தொண்டையா அது? டாக்டரு காட்ன படத்தவிட ஷோக்கா கீதே!" சிரித்தார், இருமினார். "டேய் தம்பி, ஜன்னல உடுடா. லாரிக்காரனும் பாட்டு கேட்டுகினு போவட்டும். உங்க அண்ணி கீய படிக்கட்டுல குந்திகினு கீறா. வயித்துல கீற கய்தைக்கும் கேக்கட்டும்..."

அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம்.

பிறகு பாடினார். ஐந்து நிமிடம். ஹாரன் இல்லை, கரண்டும் போகவில்லை. எனக்குக் கை மரத்துப்போயிருந்தது.

"முன்னாடி பேசினதையெல்லாம் வெட்டிடுடா" என்றேன்.

"இருக்கட்டும் மாமு, அதான் நல்லா கீது. கரண்ட் போறதுக்குள்ள எம்பி3 ஆக்கிடலாம். டிஸ்க்ல எடமே இல்ல."

கொஞ்ச நேரத்தில் திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. அடுத்து இன்னொன்று.

"இங்லீஷ்ல இன்னாவோ கேக்குது மாமு. நீதான எம்.எஸ்சி.? வந்து படி."

நான் அண்ணனுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் எஸ் குடுடா!"

மூன்றாம் நாள், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது போட்டுக் கேட்டோம். சரியாக இரண்டாவது நிமிடத்தில் பாட்டு அறுந்தது. இலவசப் பதிப்பு முதல் இரண்டு நிமிடத்தை மட்டுமே மாற்றித் தருமாம். மூலப் பதிவை அழித்துவிடவா என்றும் கேட்டிருக்கிறது. அழித்துவிட்டது.

அதன்பிறகு அண்ணனுக்குக் காற்றுக் குரல்தான்.

சீலனோடு பேச்சை நிறுத்தினேன். அவன் அலட்சியத்தால் என் அண்ணன் குரல் போனது என்று தெரு முழுக்கச் சொன்னேன். பின்னாளில் அவன் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாற்பது வினாடிப் பேச்சை வெட்டியிருந்தால் இன்னும் நாற்பது வினாடி பாட்டு மிஞ்சியிருக்குமே... இதுதான் என் பெரிய வழக்கு.

"எஸ் குடு" என்று சொன்னது நான் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறை சொல்கிறேன். சீலனும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வருகிற ஞாயிறு அண்ணன் மகள் ஸ்டெல்லாவுக்குத் திருவொற்றியூரில் கல்யாண வரவேற்பு. அன்று வயிற்றில் இருந்த அதே கழுதைதான்.

போன வாரம் வந்து நின்றாள்.

"சித்தப்பா, அப்பா பாட்டு உங்ககிட்ட கீதாமே? அம்மா சொல்லிச்சு."

பாதியில் அறுவதைக் கேட்க வேண்டாம் என்றுதான் இத்தனை காலம் அந்த வீட்டுக்குக் கொடுக்காமலே இருந்தேன். வேறு வழியில்லாமல் போட்டுக் கொடுத்தேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டாவது நிமிடம் வரும்போது இவள் முகம் எப்படி மாறுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் அதுவரை போகவே இல்லை. நாற்பதாவது வினாடியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. மறுபடியும்.

"பாட்டு அதுக்கப்புறம்தாம்மா வரும்" என்றேன்.

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. அப்பா என்னைய கய்தைன்றாரு..." என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்பா சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இப்போது எல்லார் கையிலும் போன். பல் துலக்குவதைக்கூடப் பதிவு செய்கிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வாய்த்தது ஒரே மதியம். அதிலும் வேண்டியதைத்தான் வெட்டச் சொன்னேன்.

வரவேற்பில், அப்பா மேடையில் நிற்கும்போது, அந்த நாற்பது வினாடியை ஸ்பீக்கரில் போடப் போகிறாளாம். அவரிடம் சொல்லக் கூடாதாம். அண்ணன் எப்படித் தாங்குவாரோ... சீலனுக்கான பத்திரிகையையும் அண்ணி என்னிடமே கொடுத்திருக்கிறார். இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.

அந்தப் பதிவை லேப்டாப், போன், பென் டிரைவ், மெயில் என்று நான்கு இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்... ஓடுதா என்று.