ஜட்ஜ் தாத்தாவின் குறுக்கு விசாரணை

வயதானால் எங்கள் தாத்தா மாதிரி வயதாக வேண்டும் என்று மட்டாஞ்சேரியில் எங்களைத் தெரிந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்றும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு வயது, நானும் நம்பினேன். இன்று அதே வார்த்தையை யாராவது யாரைப் பற்றிச் சொன்னாலும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. ஜில்லா ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடைத்த கிடங்குகள். விருந்தாளிகள் தும்மிக்கொண்டேதான் படியேறுவார்கள். தாத்தா மட்டும் ஒருநாளும் தும்மினதில்லை என்று மாமா பெருமையடித்துக்கொள்வார். தும்மாமல் இருப்பதுகூட அந்த வீட்டில் ஒழுக்கத்தில் சேர்ந்தது.

எண்பது தாண்டியும் முதுகு வளையவில்லை. பல்லெல்லாம் சொந்தப் பல். காலையில் பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டும் குடையுமாகப் படகுத் துறைவரை நடந்து, எர்ணாகுளம் போகிற படகைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். உத்தியோக காலத்தில் அந்தப் படகில்தான் கோர்ட்டுக்குப் போனார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள் தெருவில். மூலைக் கடைக் கொங்கணிக்காரர், படுத்த படுக்கையாகக் கிடந்த தன் தகப்பனாருக்கு ஜன்னல் வழியே தாத்தாவைக் காட்டி, அவரும் மனுஷர்தானே என்று திட்டுவாராம். அந்தக் கிழவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வேதவாக்கு உண்டு. பதில் தெரியாமல் தாத்தா கேள்வி கேட்கமாட்டார் என்பதுதான் அது. மாமா பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போட்டு சினிமா பார்த்துவிட்டு வந்தால், "இன்னிக்கு எங்கே போயிருந்தாய்?" என்று சாந்தமாகக் கேட்பாராம். அதற்குள் எந்தக் கொட்டகை, பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்பதுவரை விசாரித்து வைத்திருப்பாராம். அம்மாவும் மாமாவும் அப்படி வளர்ந்தவர்கள். கேள்வி வந்தால் அது பரீட்சை என்று அவர்களுடைய ரத்தத்திலேயே ஏறிவிட்டது.

அதனால் தாத்தா கேட்கத் தொடங்கியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து, "நான் சாப்பிட்டேனோ?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"ரசம் நன்னாயில்லை. வாயைத் திறந்து பறையாம இப்படிக் குத்திக் காட்டறார்" என்றாள் மாமியிடம். மறுநாள் ரசத்துக்குப் புதுப் பொடி இடித்தாள்.

இன்னொரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாமாவை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். அப்போதெல்லாம் மாமா சீட்டாட்டத்தில் உட்கார்ந்துவிட்டு நேரங்கழித்து வீடு வருவது வழக்கம். அந்த ஒரு கேள்வியில் மனிதர் கூனிக் குறுகிப்போனார். சீட்டாட்டம் நின்றது. அடிக்காமல் திட்டாமல் மனுஷனைத் திருத்திவிட்டார் பாருங்கள் என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள். தாத்தாவின் கியாதி இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

காலை நடைக்கு என்னைக் கூட்டிப்போவார். திரும்பும்போது கிடங்குகளுக்கு நடுவே பாதை பிரிகிற இடத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"குழந்தே, ஆத்துக்கு எந்த வழி?"

வீட்டுக்கு வழி தெரியாதா எனக்கு? இடது பக்கம் என்று கத்துவேன். "சரி" என்பார். அப்புறம் என் பெயரைக் கேட்பார். பெயர், வகுப்பு, அப்பா பெயர் எல்லாம் ஒப்பிப்பேன். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன். இந்த வயசிலும் குழந்தைக்கு எவ்வளவு பொறுமையாக வழி சொல்லிக்கொடுக்கிறார் என்று அம்மா கண்கலங்குவாள்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு அம்மை வார்த்தது. என்னை வேப்பிலைக் கொத்துடன் பின்கட்டு அறையில் போட்டுவிட்டார்கள். தாத்தா தனியாகவே படகுத் துறைக்குப் போனார். மத்தியானம் இலை போட்டும் அவர் வரவில்லை. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார், நேரமாயிற்று என்று ஜட்ஜுக்கு நாமா சொல்வது என்று காத்திருந்தார்கள். சாயங்காலம் மாமா துறைக்குப் போய் விசாரித்தார். ஜட்ஜ் சார் காலையிலேயே படகேறிவிட்டாரே என்றார்கள் அங்கே.

மாமா அடுத்த படகில் போய்த் தேடியபோது தாத்தா எர்ணாகுளத்தில் கோர்ட்டு வராந்தாவில் இருந்தார். குடை எங்கே போயிற்றோ, தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். அங்கிருந்த காவல்காரர் நாற்காலி போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, மரியாதைக்கு எட்ட நின்றுகொண்டிருந்தார்.

"சார் என்னோடு வீடு எவிடேன்னு சோதிச்சு" என்று மாமாவிடம் சந்தோஷமாகச் சொன்னாராம். வீடு எங்கே என்று தாத்தா கேட்டதும், தன் வீட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் காவல்காரர் கும்பளங்கியில் என்று சொன்னாராம். தாத்தா மறுபடி கேட்டிருக்கிறார். அவரும் மறுபடி கும்பளங்கி என்றிருக்கிறார். பகல் முழுக்க இப்படியே நடந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மனிதர் ஒரு காவல்காரனின் வீட்டைப் பற்றி இத்தனை அக்கறையாகக் கேட்டாரே என்று அவருக்குப் பூரிப்பு.

இது வீடு வந்து சேர்வதற்குள், கடமை மறக்காத ஜட்ஜ் கடைசி வரை கோர்ட்டுக்குப் போனார் என்று ஆகிவிட்டது. அன்றே காய்ச்சல் கண்டது, அப்புறம் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். திருப்பூணித்துறையிலிருந்தும் ஆலுவாவிலிருந்தும் உறவினர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"என்னை ஆத்துக்குக் கொண்டு விடுங்கோ" என்றார் தாத்தா. அவருடைய சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு கெஞ்சினார்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலுவா சித்தப்பா வேதாந்தம் படித்தவர், அவர்தான் விளக்கினார். "எந்த ஆத்தைச் சொல்றார்னு மனசிலாச்சா? ஜீவன் வந்த இடத்துக்குத் திரும்பணும்கறது. ஞானின்னா இதான்." மாமா கைகூப்பினார். தாத்தா மறுபடியும் கேட்டார். மறுபடியும் கைகூப்பினார்கள்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டு உள்ளே அனுமதித்தபோது தாத்தா பாதியாக இளைத்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதில் கேட்டார். "இவாள்ளாம் யாரு? என்னை என்ன பண்ணப் போறா?"

பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். விரலை நீட்டி, அது மாமா, அது அம்மா, அது சித்தப்பா என்று வரிசையாகச் சொன்னேன். கடைசி நிமிஷத்திலும் குழந்தையைப் பரீட்சை பண்ணுகிறார் என்று எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். தாத்தா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் நகர்ந்து ஒடுங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

கொடுத்து வைத்த ஆத்மா, யாருக்கும் பாரமாக இல்லாமல் போனார் என்றது ஊர். உண்மைதான், எங்களுக்குப் பாரமே தெரியவில்லை. எல்லாவற்றையும் அவர் ஒருவரே சுமந்தார். பார்ப்பவர் கண்ணுக்கு லட்சணமாக இருப்பதற்குத்தான் நாங்கள் நல்ல முதுமை என்று பேர் வைத்திருந்தோம். கூன் விழுந்து பேச்சுக் குழறிப்போன கிழவராக இருந்திருந்தால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இதுதான் உன் வீடு என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு யார்மேல் ஆத்திரப்படுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் அவரிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள்.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கை விடாமல் நடுங்கியது. குளிர்கிறது போலிருக்கிறது என்று நான் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். பயம் என்பது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.