வலப்பக்கத்து மரை

என் மச்சினனுக்கு அந்த இத்தாலி ரேஸ் சைக்கிளைப் பழுது பார்த்துப் பூட்டித் தருகிறேன் என்று நானாகத்தான் போய் வாயைக் கொடுத்தேன். எண்பதுகளின் தொடக்கம். காம்பாரில் ஓர் ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், ஃபிட்டராக இருந்தேன். சுரங்கத்துப் பம்புகளையே கழற்றி மாட்டுகிறவனுக்குச் சைக்கிள் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு.

மச்சினன் என் மனைவியின் தம்பி. தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினான். வேலை முடிந்ததும் கேமரன் மலைச் சாலையில் சைக்கிளில் ஏறிப் பழகுவான். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் நடப்பதாக இருந்தது. முதல் ஆறு பேருக்கு இடம். இடம் கிடைத்தால் அரசாங்க வேலைக்குச் சிபாரிசு செய்வதாக ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம் அது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவனும் என் மாமியாரும் எங்கே போவார்கள் என்று என் மனைவி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சைக்கிள், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களா ஸ்டோரில் விட்டுப்போனது. பெயிண்ட் உரிந்து, பிரேக் ரப்பர் கல்லாகி, சங்கிலி ஒரே துருக்கட்டியாக வந்து சேர்ந்தது. ஆனால் தூக்கினால் இரண்டு விரலில் நிற்கும். டயரும் டியூபும் சேர்த்துத் தைத்து, பசை போட்டு ஒட்டுகிற வகை. ஊரைச் சுற்றி ரப்பர் மரம், அந்த டயருக்கோ நான் ஈப்போ முழுக்க அலைந்தேன். ஒரு மாதம் தேய்த்தேன், ஊறவைத்தேன், சாமான் சாமானாக மாட்டினேன். பெடல் அச்சு மட்டும் கரகரவென்றது. அதைக் கடைசிக்கு விட்டது என் முதல் முட்டாள்தனம்.

பெடல் அச்சு ஓடும் குழலின் இரண்டு பக்கமும் மரை போட்ட கப் இருக்கும். அதைக் கழற்றினால்தான் உள்ளே குண்டுகளைத் துடைத்து கிரீஸ் வைக்கலாம். எங்கள் பக்கம் ஓடியதெல்லாம் இங்கிலீஷ் சைக்கிள். அதில் வலப்பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ். கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைக் கெடுத்த எத்தனையோ பேரை நான் கேலி செய்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மச்சினன் ஃபிரேமைப் பிடித்துக்கொள்ள, நான் அந்தப் பக்கமே திருப்பினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரின் பிடியில் பைப்பைச் செருகி ஏறி மிதித்தேன்.

"மாமா, இது இத்தாலிக்காரன் சாமான்லா. வேற மாதிரி இருக்குமோ?" என்றான்.

"நான் ஃபிட்டரா, நீ ஃபிட்டரா? பேசாம புடிலா!"

'டக்' என்று ஒரு சத்தம். கப் கால் சுற்று போனது. "பாத்தியா?" என்றேன். அதற்குப் பிறகு அது ஒரு நூல்கூட நகரவில்லை. ஸ்பேனரில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைப் பார்த்ததும் அவனுக்குத் தெரியாமல் துடைத்தேன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் லம்பத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஈப்போ போனேன். பழைய சைக்கிள் கடை நடத்தும் சீன முதலாளி, தவுக்கே, ஒரு பார்வைதான் பார்த்தார். "இனி இத்தாலி. கிரி கானான் சாமா பூசிங்," என்றார் மலாயில். அதாவது, இத்தாலி சைக்கிளில் இரண்டு பக்கமும் ஒரே திசை மரை. கழற்றுவதாக நினைத்து நான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் எதிர்ப்பக்கம் திருப்ப, அரை மரையைச் சீவி எடுத்துக்கொண்டு கப் வெளியே வந்தது.

கிரீஸ் வைத்து மாட்டித் தந்தார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வகையில் வலப்பக்கக் கப் மிதிக்க மிதிக்கத் தானே தளரும். அதனால் பலமாக இறுக்க வேண்டும். ஆனால் பலமாக இறுக்கினால் மிச்ச மரையும் போய்விடும். ஊருக்குள் ஓட்டலாம், மலைக்கு வேண்டாம் என்றார்.

மலைக்குத்தான் அது. வீட்டில் மச்சினன் காத்திருந்தான்.

"என்ன மாமா சொன்னாரு?"

"துருதான். எல்லாம் சரி பண்ணியாச்சு."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி நான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லனா நான் என்ன பண்ணுவேன் மாமா," என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை முழுவதும் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை என் மனைவி சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்பினாள். நான் ஸ்பேனரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். இருபது பேருக்கு மேல் கிளம்பினார்கள். ஏற்றம் ஏற ஏறக் கூட்டம் உதிர்ந்தது. அவன் ஏழாவதாக இருந்தான், பிறகு ஐந்தாவதாக, பிறகு மூன்றாவதாக. அவன் முன்னேற முன்னேற எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வியர்த்தது.

மேலே போய்த் திரும்பி இறங்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டிக்'. இனி முழுக்க இறக்கம், வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பள்ளம். நடுவில் அச்சு ஆடிச் சங்கிலி சிக்கினால் ஆளே மிஞ்சமாட்டான். நிறுத்தினால் அரசாங்க வேலை கைவிட்டுப் போய்விடும். அவன் திரும்பி இறங்கத் தொடங்கியபோதுதான் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"நிறுத்துலா! கப் கழலுது!"

"முடியாது, போங்க மாமா!"

"மரை போயிருச்சுலா! நான்தான் கெடுத்தேன்! தவுக்கே மலைக்கு வேண்டாம்னு சொன்னாரு!"

பிரேக் பிடித்தான். குனிந்து பார்த்தோம். கப் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. நான் ஸ்பேனரை எடுக்க, அவன் அதை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

காட்டினேன். அவனே இறுக்கினான். எங்களைத் தாண்டி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

"தப்பா திருப்புனதுக்குக் கோவமில்ல மாமா. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா கூட்டாளிகிட்ட வேற சைக்கிள் வாங்கியிருப்பேன்."

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் போனான். பதினோராவதாக வந்து சேர்ந்தான். திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போல் தோட்டத்துப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், போய்ப் பேர் கொடுத்தான்.

அந்த ஞாயிறு, ஓட்டம் முடிந்த இடத்தில் என் மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தாள். "என்னடா தம்பி ஆச்சு? மூணாவதா வர்றேன்னு சொன்னாங்களே!"

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "ஒன்னும் இல்லக்கா. செயின் கழண்டு போச்சு. மாமாதான் கூட இருந்து மாட்டிக் கொடுத்தாரு," என்றான்.

அவள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.