ஹெல்மெட்டில் ஓர் உபயம்

பாகலூர் சாலைக் கம்பெனி ஒன்றில் சுஜாதாவுக்குப் பல வருடமாக ஒரே வேலை. பேஸ்பால் ஆடும் அமெரிக்கப் பிள்ளைகள் மட்டை பிடிக்கும்போது போடுகிற ஹெல்மெட் அங்கேதான் தயாராகிறது. இரண்டு காதையும் மூடி மண்டையைக் காப்பாற்றுகிற சாமான். அதன் பின்பக்கம் ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் உண்டு. 'இதன் மேல் பெயிண்ட், தின்னர் எதுவும் படக்கூடாது. பட்டால் ஓடு பலமிழக்கும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அந்த ஸ்டிக்கரைச் சரிபார்ப்பதுதான் சுஜாதாவின் வேலை. சரிபார்ப்பது என்றால் கோணலா, மங்கலா என்று பார்ப்பது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பத்தாவது வரை போனவள்தான், எழுத்துக் கூட்டினால் வந்துவிடும். கூட்டினால்தானே!

நூலளவு சாய்ந்திருந்தாலும் பிய்த்துவிடுவாள். "ஏம்மா, கண்ணுல ரசமட்டம் வெச்சினு பொறந்தியா?" என்பார் சூப்பர்வைசர் முனிராஜ். அவளுக்கு அதில் பெருமை தாங்காது.

மகள் ஹரிணி அரசுப் பள்ளி பேஸ்பால் டீமில் சேர்ந்தபோதுதான் வினை பிடித்தது. டீம் மொத்தத்துக்கும் இருந்தது ஒரு பழைய பைக் ஹெல்மெட். போட்டால் பந்து வருவது தெரியாது. போடாமல் அடி வாங்கினால் அதற்கப்புறம் எதுவுமே தெரியாது.

"எந்த நாட்டுப் புள்ளைங்க மண்டைக்கோ நான் காவலு. எம்புள்ள மண்டைக்கு எவன் காவலு?" என்று பொருமினாள். நியாயமான கோபம்தான். அந்தக் கோபத்தோடு மாங்காய் மண்டி திம்மராயனிடம் போய் நின்றாள்.

திம்மராயன் கொடையாளி. கொடுத்ததில் எல்லாம் பெயர் இருக்கும். கோயில் டியூப்லைட்டில் அவர் பெயர் போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும்.

"டீமுக்கே வாங்கித் தர்றேம்மா. ஆனா, பேரு?"

"எழுதிடலாங்க. நானே பக்கத்துல நின்னு நேரா எழுத வெக்கிறேன்."

ஹெல்மெட்டுகள் அவள் கம்பெனியிலிருந்தே வந்தன. போர்டு பெயிண்டர் மாரிசாமி பார்த்துவிட்டு, "வழுவழுன்னு கீதுக்கா, பெயிண்ட் நிக்காது" என்று தின்னரைத் துணியில் நனைத்து நன்றாகத் தேய்த்தார். பிறகு சிவப்பு பெயிண்டில் நெற்றியில் 'உபயம்', காதோரம் 'திம்மராயன்'. ஹரிணியின் ஹெல்மெட்டை மட்டும் சுஜாதா தனியாகத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணா, பேரு சாயுது. அழிங்க." அழித்தார், தின்னரால். மறுபடி எழுதினார். "இன்னும் கொஞ்சம் சாயுதே?" மறுபடியும் தின்னர். பெற்ற மகள் போடப்போவது அல்லவா, விடுவாளா! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

போட்டியன்று திம்மராயன் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் இருந்தார். ஹரிணி மட்டையோடு போய் நின்றாள். முதல் பந்தே எகிறி வந்து அவள் காதோரம் அடித்தது. சுட்ட ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சுஜாதா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். "அம்மாடி! நான் யாருன்னு தெரியுதா? சொல்லுடி, நான் யாரு?"

"கத்தாதம்மா. காது கொய்ங்குது" என்றாள் ஹரிணி. காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. சுஜாதா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்கக்கா" என்றார் பி.டி. டீச்சர் பிரவீனா. தலைப்பாகை மண்ணில் பிளந்து கிடந்தது. 'திம்ம' ஒரு பக்கம், 'ராயன்' ஒரு பக்கம்.

"ஐயையோ, எம்பேரு ரெண்டாப் போச்சே! அபசகுனமாச்சே!" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளையைப் பற்றி அங்கிருந்து யாரும் விசாரிக்கவில்லை.

டீச்சர் உடைந்ததை எடுத்துத் திருப்பினார். பின்பக்க ஸ்டிக்கரை உரக்கப் படித்துத் தமிழிலும் சொன்னார். பிறகு, "அக்கா, இது உங்க கம்பெனிதானே?" என்றார் மெதுவாக.

ஹரிணி வீக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"நீ பாத்து அனுப்புனதாம்மா இது?"

"ஆமாடி."

"ஸ்டிக்கரு நேராத்தான் கீது."