ஒஸ்லோ ஆள்

மொன்றியலின் சென்ட் லோரன்டில் நாங்கள் நாலு பேர் இருந்த வீட்டில், பிரெஞ்சு வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவன் சவிரிமுத்து மட்டும்தான். மன்னார்க்காரன். அகதி வழக்குகள் இழுபட்டுக்கொண்டிருந்த 1987ஆம் ஆண்டு. அந்த மொழி தெரியாதவனுக்குப் போத்தல் அடுக்கும் வேலைதான் என்று ஏசியும் பார்த்தோம்.

"இது உள்ளை வந்தா மற்றது போயிடும், மச்சான்" என்பான்.

மற்றது, நோர்வே மொழி. இங்கு வருமுன் பல வருடம் ஒஸ்லோவில் இருந்தவன். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பேச்சு வேறாம். இதுதான் சரியான பேச்சு என்று சட்டம் எதுவும் இல்லையாம். ஆனால் வானொலியில் பெரும்பாலும் ஒஸ்லோப் பேச்சுத்தான், வெளிநாட்டாருக்குப் படிப்பிப்பதும் அதுதான். கண்ணை மூடிக் கேட்டால் வெள்ளைக்காரன் என்று நினைக்கும் அளவுக்குச் சவிரிமுத்து அதைப் பழகினான். இங்கிரிட் என்ற அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டினான். றோசா பிறந்தாள். கலியாணம் முறிந்து, விசாவும் போக, பிள்ளையின் நாலு வயதில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தான்.

றோசாவுக்குத் தமிழ் தெரியாது. மகளோடு பேச அவனுக்கு இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அது மறந்துவிடுமோ என்ற பயத்தில் தொழிற்சாலையிலும் தனக்குள் பேசிக்கொண்டே நிற்பான். விசரன் என்று பெயர் எடுத்தான்.

பிறகு இங்கிரிட் பிள்ளையோடு தன் ஊரான பேர்கனுக்குப் போய்விட்டாள். ஒரு வருடமாக இலக்கம் கிடைக்கவில்லை. கிடைத்த ஞாயிறன்று, கோயிலால் வந்த உடுப்போடு நின்று ரெலிபோன் எடுத்தான். முகம் மலர்ந்தது. ஏதோ கேட்டான். பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடி கன நேரம் நின்றான்.

"என்னடா?" என்றேன்.

"பிள்ளை பேர்கன் பேச்சுக் கதைக்குது. இஞ்சை பஸ்ஸிலை பிரெஞ்சுச் சனம் கதைக்கிறமாதிரி 'ர'வைத் தொண்டைக்குள்ளை உருட்டுது."

"விளங்கினதுதானே?"

"ஓம், எல்லாம் விளங்கினது. 'றோசா, சுகமா' எண்டு கேட்டன். 'அம்மா, ஆரோ ஒஸ்லோ ஆள்' எண்டு கத்திப்போட்டு, ரிசீவரை மேசையிலை வைச்சிட்டு விளையாடப் போயிட்டாள். நான் அப்பா எண்டு சொல்லவே விடேல்லை."

இங்கிரிட் கடைசிவரை ரெலிபோனுக்கு வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

"ஒரு பிழை விடேல்லை மச்சான். எங்கையாவது கொஞ்சம் தமிழ் தட்டியிருந்தா, அப்பா எண்டு கண்டுபிடிச்சிருப்பாள்."

திங்கட்கிழமை அவன் எங்களோடு பிரெஞ்சு வகுப்புக்கு வந்தான். நாங்கள் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.