என் வண்டிக்குக் கூறு

கார் கம்பெனி கதவை மூடிக்கொண்டு போனபோது எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. தஞ்சாவூரில் வண்டி வாங்கிய ஷோரூமுக்கு சர்வீஸ் கேட்டுப் போனேன். அங்கே சோபா விற்றுக்கொண்டிருந்தார்கள். வேறு இடங்களில் விசாரித்தால், "பார்ட்ஸ் வராதுங்க, வந்தாலும் கட்டுப்படியாகாது" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் வழியனுப்பினார்கள். எரிச்சலாக வந்தது.

கடைசியில் கைகொடுத்தவர் கும்பகோணத்தில் அறுவடை மெஷின்களுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக். தீபாவளிக்கு எங்கள் பக்கம் நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது வழக்கம். அதையே அவர் காருக்குச் செய்தார். அந்த மூடிப்போன கம்பெனி வண்டி ஒன்று ஓடாமல் கிடந்து விலைக்கு வந்தால், அதே வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்குவோம். ஞாயிற்றுக்கிழமை பிரித்து, தார்ப்பாயில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட டீச்சர் சம்பளத்தில் நான் கார் ஓட்டியது இந்தக் கூறுகளின் புண்ணியத்தில்தான்.

போன வருடம் கியர் கேபிள் அறுந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மஸ்கட்டில் வேலை செய்யும் கணவரிடம் புலம்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை குடவாசலிலிருந்து பக்கத்து வீட்டு டிராக்டரில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் ஆறு பேர் சாக்கும் ஸ்பானருமாக நின்றார்கள். ஒருவர் என் கதவைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் சீட்டை அமுக்கிப் பார்த்தார். அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த பாய் ஹெட்லைட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்க டீச்சர்" என்றார்.

"இன்னிக்கு எந்த வண்டி?" என்று கேட்டேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார்தான் நேத்து போன் பண்ணாரு. கூறு போட்டுடுங்க, டீச்சருக்குப் புதுசு வாங்கிக்குடுக்குறேன்னாரு. நீங்களும் இழுத்துட்டு வந்தீங்க..."

கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாங்கித் தருவதாகச் சொன்ன வாஷிங் மெஷினே ஏழு வருடமாக வந்துகொண்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றேன். முதல் வாரமே பள்ளி கேட்டில் இடித்தேன். அதன் பிறகு எங்கே போவதற்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இது போனால், துணைக்கு ஆள் தேடி பஸ்ஸுக்கு நிற்கும் பழைய ஆளாகிவிடுவேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது.

பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "யாரும் தொடாதீங்க. ஆர்.சி. என் பேர்ல இருக்கு. ரிப்பேருக்குத்தான் கொண்டாந்தேன்."

வகுப்பில் போடுகிற குரல் அது. ஆறு பேரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பாயைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. கடற்காற்றில் அவர் வண்டியின் லைட் மங்கி, பொழுது சாய்ந்தால் ஓட்ட முடியாமல் இருந்தார். அவ்வளவு தூரம் வந்ததே என் லைட்டுக்காகத்தான். அவர் தன் வண்டி டிக்கியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கேபிளை எடுத்து நீட்டினார்.

"போன கூறுல எனக்கு வந்தது. போடுங்க. ஓடப்போற வண்டிய யாரு அறுப்பா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. அப்புறம் ஆறு பேரும் என் வண்டியின் மேல் விழுந்தார்கள், பிரிக்க அல்ல. மெக்கானிக் கேபிளை மாட்ட, ஒருவர் வைப்பரைச் சரி செய்தார், ஒருவர் கேட்டில் இடித்த பள்ளத்தை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தினார். டபரா செட்டில் காபி வந்தது, அதுவும் இரண்டு முறை. "இது படுத்துச்சுன்னா லைட்டு ரெண்டும் பாய்க்குத்தான், எழுதி வைங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"அவசரமில்ல டீச்சர், நீங்க ஓட்டுங்க" என்றார் பாய்.

மதியம் நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். சாவியை ஆணியில் மாட்டும்போது மஸ்கட்டிலிருந்து போன்.

"கூறு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"உனக்கு என்ன வந்துச்சு?"

"முழு வண்டியும்" என்றேன்.