வெந்நீர் கேட்ட கார்

என் மாமாவின் மீது எனக்கு முழு உரிமை இருந்த காலம் அது. அவர் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "மாமாவைத்தானே கட்டிக்கப் போற?" என்பார்கள். அது கேலி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், பேசி முடித்த சம்பந்தம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு மறைமலை நகரில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. நாள் முழுக்கப் புத்தம்புதுச் சாமான்களைத் தொட்டுக்கொண்டிருந்தவர், தனக்கென்று வாங்கியது என்னைவிட வயதில் மூத்த, மோர்க் கலர் கார் ஒன்றை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போவார். ரோட்டோரம் நின்று ஆறு மணி விமானம் இறங்குவதைப் பார்ப்போம். என் தம்பிக்குக்கூட அந்தக் காரில் இடமில்லை. அவன் வாந்தி எடுப்பான் என்று நானே சொல்லிவைத்திருந்தேன்.

ஒருநாள் பேட்டரியிலிருந்து போகிற கேபிள் கருகிப்போயிற்று. "புதுசா வாங்கிப் போடேன்டா" என்றாள் அம்மா. மாமா கேட்கவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய கேபிளை எடுத்துப் போட்டார். அதன் முனையிலிருந்த வளையம் எங்கள் பேட்டரியின் குமிழுக்குக் கொஞ்சம் பெரிது.

"லூசா கீது சார். அப்புறம் பேஜார் பண்ணும். இந்தத் தகட்ட சுத்தி வுட்டு மாட்டிக்கோ, கெட்டியா நின்னுக்கும்" என்று ஒரு தகரத் துண்டைக் கத்தரித்து, குமிழில் சுற்றி, வளையத்தை அதன்மேல் வைத்துத் தட்டினார். சாவியைத் திருகியதுமே வண்டி கிளம்பிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறு, குரோம்பேட்டையில் மாமா மெயின் ரோட்டை விட்டு ஒரு தெருவுக்குள் திரும்பினார். அந்தத் தெருப் பெட்டிக்கடையில் கமர்கட் பிரமாதமாக இருக்குமாம். எனக்காக இவ்வளவு தூரம் சுற்றுகிறாரே என்று பூரித்துப்போனேன். கமர்கட்டோடு வந்தவர் பானட்டைத் திறந்து எதையோ பார்த்து மூடிவிட்டுச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மறுபடியும் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டு, "பேட்டரியில உப்புப் பூத்திருக்கு. வெந்நீர் ஊத்தினா சரியாயிடும்" என்று எதிர்வீட்டு கேட்டைத் தட்டினார்.

கெட்டிலோடு ஓர் அக்கா வந்தாள். டெலிபோன் ஆபீசில் வேலையாம். தலையில் கனகாம்பரம். அவள் பேட்டரியின்மேல் வெந்நீர் ஊற்ற, மாமா கோயிலில் அபிஷேகம் பார்ப்பவரைப் போலக் கைகட்டி நின்றார். பிறகு பானட்டுக்குள் ஏதோ செய்தார், வண்டி கிளம்பிற்று. அதற்குள் விமானம் இறங்கிவிட்டிருந்தது.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் இதே கதைதான். வேறெங்கும் நிற்காத வண்டி அந்த வீட்டெதிரே மட்டும் நிற்கும். வெந்நீரோடு காபியும் வர ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது. "எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று கேட்ட அக்காவிடம் "சொல்ல மாட்டேன்" என்றேன். அவளிடம் ஏதாவது குறை இருக்காதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே அகப்படவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பழைய கேபிளால் வந்த வினை.

ஒரு ஞாயிறு மாமா கேட்டைத் தட்டப் போனபோது பம்பரில் ஏறி எட்டிப் பார்த்தேன். குமிழில் சுற்றியிருந்த தகரத் துண்டைக் காணோம். திரும்பி வந்த மாமாவின் சட்டைப் பையில் அதன் முனை தெரிந்தது. பாவம், கீழே விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டு மாட்ட மறந்துபோகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பவுடர் டப்பாவிலிருந்து ஒரு துண்டு தகரம் வெட்டி எடுத்துப்போனேன். மாமா வெந்நீர் கேட்கப் போன நேரத்தில், கடைக்காரர் செய்தபடியே சுற்றி, வளையத்தை வைத்துக் கல்லால் தட்டினேன். ஓடிப்போய் சாவியைத் திருகினேன். வண்டி உறுமியது.

கேட்டருகே மாமா, கெட்டிலோடு அக்கா, அவளுக்குப் பின்னால் பனியனோடு அவள் அப்பா.

"நான் சரி பண்ணிட்டேன் மாமா! தகடு உங்க பையிலதான் இருக்கு. வாராவாரம் நீங்கதான் மாட்ட மறந்துடறீங்க!"

மூவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். மாமா சட்டென்று அதைக் கையால் பொத்திக்கொண்டார். "அப்ப இனிமே வெந்நீர் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு அக்காவின் அப்பா உள்ளே போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன், ரொம்ப நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு விமானத்தைப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு குரோம்பேட்டையில் அவர் திரும்பாமல் நேரே போகப் பார்த்தார். கமர்கட் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஜெயித்தவள் அல்லவா, அந்த அக்காவின் கண்ணெதிரே ஒரு தடவை போய்வர ஆசை. மாமா தெருவுக்குள் திரும்பி, கடையில் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் பார்க்காமலே வந்து ஏறினார். வண்டியும் உடனே கிளம்பிற்று. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பழிப்புக் காட்டினேன்.

கேட்டருகே அக்கா நின்றிருந்தாள். கையில் கெட்டில். ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாமா பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். "நின்னுடுச்சு" என்று இறங்கிப் பானட்டைத் திறந்தார். நான் குதித்து ஓடிப் பார்த்தேன். என் பவுடர் டப்பாத் தகடு வைத்த இடத்தில் கெட்டியாக இருந்தது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா! நான் பார்த்துட்டேன்!" என்று கத்தினேன்.

"தெரியும்மா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நிதானமாக வெந்நீரை ஊற்றினாள். மாமாவும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நல்லா இருக்கிற வண்டிக்கு எதற்கு வெந்நீர்? இவ்வளவு பெரியவர்களுக்கு இதுகூடவா தெரியாது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லாவரம் பக்கம் ஆறு மணி விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.